இருபது பர்சென்ட் ஆபத்பாந்தவன்

வேலை மாறுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் விலகும்போது அனுபவச் சான்றிதழ், கடைசி மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஃபைலில் போட்டுக்கொண்டு, மேனேஜருக்குக் கை கொடுத்துவிட்டு வருவார்கள். இன்னொரு ரகத்தார் மேனேஜரை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வெளியேறி, அந்த வீர வசனத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வருவார்கள். நான் இரண்டாவது ரகம். பேசிய வசனங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பி.எஃப். நம்பர்கள்தான் இல்லை.

இந்தக் குறை இத்தனை வருஷமாக என்னை உறுத்தியதே இல்லை. ஐம்பத்தாறைத் தாண்டிய பிறகு, இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் கணக்கு பார்க்கும் பெண் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்: "அங்கிள், உங்களுக்குப் பென்ஷன் வராது, தெரியுமில்ல?" சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

விஷயம் இதுதான். மாதா மாதம் நம் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே அளவு போடுகிறது. ஆனால் கம்பெனி போடும் அந்த 12-இல் 8.33 சதவீதம் நம் பி.எஃப். கணக்குக்கு வராது, 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். பி.எஃப். பணம் வட்டியால் வளரும். பென்ஷன் வளர்வது சர்வீஸ் வருஷங்களால். பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் மாதா மாதம் பென்ஷன். சேராவிட்டால் கையில் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

என் சர்வீஸ் வரலாறு இது. அம்பத்தூரில் மெஷின் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க், 1996 முதல் நாலு வருஷம். கிண்டியில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் மூன்று வருஷம். பாரிமுனையில் ஒரு பார்சல் கம்பெனியில் நாலு வருஷம். பிறகு மைத்துனரோடு கூட்டு வியாபாரம். அதில் சம்பளமும் கிடையாது, பிடித்தமும் கிடையாது, கடைசியில் வியாபாரமும் கிடையாது. இப்போதிருக்கும் கம்பெனியில் 58 முடியும்போது ஏழு வருஷம் ஆகும். நாலு, மூன்று, நாலு, ஏழு. கூட்டினால் பதினெட்டு. தனித்தனியாக வைத்தால் ஒன்றுகூடப் பத்தைத் தொடாது. நான் எந்த வேலையிலும் நிலைத்து நிற்காதவன் என்று என் மாமனார் அந்தக் காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் இப்போது அரசாங்கம் கணக்குப் போட்டுச் சொல்கிறது.

2014-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்த ஆண்டில்தான் யு.ஏ.என். என்கிற பன்னிரண்டு இலக்க எண் வந்தது. ஆளுக்கு ஓர் எண், எத்தனை கம்பெனி மாறினாலும் அதன்கீழ் எல்லாக் கணக்கும் வந்து சேரும். அதற்கு முன்னால் கம்பெனிக்குக் கம்பெனி தனி நம்பர். சென்னைக்காரர்களுக்கு அது 'டிஎன்/எம்ஏஎஸ்' என்று தொடங்கும். பிறகு கம்பெனியின் கோடு. கடைசியில் அந்தக் கம்பெனியில் நாம் எத்தனையாவது ஆள் என்கிற வரிசை எண். அந்த நம்பரை அப்போது யாரும் மனப்பாடம் செய்யவில்லை. நான் ராசியான லாட்டரி நம்பர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டில் தேடுதல் வேட்டை ஆரம்பமாயிற்று. பீரோவின் மேல்தட்டை இறக்கினோம். கேஸ் கனெக்ஷன் டெபாசிட் ரசீது, உயிரோடு இல்லாத டி.வி.யின் கியாரன்டி கார்டு, பையனின் யு.கே.ஜி. ரேங்க் கார்டு எல்லாம் வந்தன. கடைசியில் பார்சல் கம்பெனியின் பி.எஃப். சிலிப் ஒன்று கிடைத்தது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாள், புள்ளிப் புள்ளியாக அச்சான எழுத்து, கீழே ஊதா ரப்பர் ஸ்டாம்பின் கால்வாசி. கரையான் சிலிப்பின் மறுபாதியைத் தின்றிருந்தது. நல்ல வேளையாக நம்பர் இருந்த பக்கத்தில் அதற்குப் பசியில்லை.

"கிண்டி கம்பெனி நம்பர் எங்கே?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் வாங்கித் தின்னாச்சே" என்றாள் மனைவி.

"எப்போ?"

"ஃப்ரிட்ஜ் வாங்கினோமே, மறந்துட்டீங்களா? பி.எஃப்., பென்ஷன் எல்லாத்தையும் மொத்தமா எழுதிக் கொடுத்து வாங்கினீங்க. பில்கூட இருக்கு."

பில் இருந்தது. அவளிடம் பில் எப்போதும் இருக்கும். அப்படி மொத்தமாக வாங்கிக்கொண்டால் அந்த மூன்று வருஷ சர்வீஸும் போயிற்று. பணத்தை எடுக்காமல் 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' என்று ஒன்று வாங்கி வைத்திருந்தால் வருஷம் பிழைத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே படிவம்தான், பத்து-சி. எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் குளிர்ந்த தண்ணீர் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன்.

ஆக, பதினெட்டு பதினைந்தாயிற்று. அதில் அம்பத்தூர் நாலு வருஷத்துக்கு ஆதாரமே இல்லை. கம்பெனியும் இல்லை, மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. வாட்ச்மேனிடம் என் பி.எஃப். பற்றி விசாரிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்குக் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளும் யோசனை உதித்தது. அது எனக்கு அடிக்கடி உதிக்கிற யோசனைதான். குழாய்க்கு வாஷர் மாற்ற, பல்பு மாட்ட, ஏன், கொசுவலை கட்டுவதற்குக்கூட நான் ஆள் தேடியிருக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு கடை. பலகையில் பான் கார்டு, பாஸ்போர்ட், பட்டா மாறுதல், பி.எஃப்., திருமணப் பதிவு என்று மனித வாழ்க்கையின் எல்லாக் கட்டங்களும் வரிசையாக இருக்கும். ஏ.சி. உண்டு. உட்கார நாற்காலி கொடுத்தார்கள். பாதி மயங்கிவிட்டேன்.

கன்சல்டன்ட் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். "பழைய அக்கவுன்ட்டா? கஷ்டம் சார்" என்றார்.

"கஷ்டம்னா?"

"கஷ்டம்னா இருபது பர்சென்ட்."

"ரொம்பக் கஷ்டம்னா?"

"இருபத்தஞ்சு. அட்வான்ஸ் தனி."

கையிலிருக்கும் வேலையைச் சதவீதத்தில் அளந்து சொல்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. என்னென்ன வேண்டும் என்று பணிவாகக் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். ஆதார், பான், பாங்க் பாஸ்புக், பெயர் அச்சடித்த கேன்சல் செக், கம்பெனி பேர், சேர்ந்த தேதி, விலகின தேதி, பி.எஃப். நம்பர்.

"தம்பி, நம்பர்தான் இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"நம்பர் மட்டும் கொண்டாந்துடுங்க சார், மீதியை நான் பார்த்துக்கறேன். போனுக்கு ஓ.டி.பி. வரும், வந்ததும் எனக்குச் சொல்லிடணும். பாஸ்வேர்டு நானே வச்சுக்குவேன். உங்களுக்கு அந்தத் தலைவலி வேணாம்."

பர்சை எடுக்கப் பையில் விட்ட கை அங்கேயே நின்றது. எனக்குப் புத்தி வந்து நின்றதல்ல. பர்சை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். திரும்பி நடக்கும்போதுதான் யோசித்தேன். கண்டுபிடிக்க வேண்டியதை எல்லாம் நானே கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் டைப் அடித்துக் கொடுப்பார். அந்தப் படிவமும் பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசம். அவர் கேட்கிற கூலி உழைப்புக்கு அல்ல, என் சோம்பேறித்தனத்துக்கு. அதற்கு இருபது சதவீதம் என்பது சல்லிசான விலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாஸ்வேர்டு அவரிடமும் கவலை என்னிடமும் இருக்கும் ஏற்பாடு கொஞ்சம் இடித்தது.

மனைவியிடம் சொன்னேன். "எவ்வளவு வரும் அந்த அம்பத்தூர் கணக்கில்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் குத்துமதிப்பாகப் போட்டுக் கொடுத்தார். நான் அம்பத்தூரில் இருந்தபோது பி.எஃப். வட்டி 12 சதவீதம். 1989-90-இலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. பிறகு படிப்படியாக இறங்கி, 2024-25-இல் 8.25. நடுவில் ஒரு பள்ளம்: மூன்று வருஷம் சந்தா வராத கணக்குகளுக்கு 2011 ஏப்ரலிலிருந்து வட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2016 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள். இப்படிப் பள்ளம் மேடு எல்லாம் தாண்டியும் அந்தப் பணம் லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்றார். தூங்கிக்கொண்டே சம்பாதித்த ஒரே ஆள் என் வம்சத்தில் அந்தக் கணக்குதான்.

"அப்போ லட்சத்துக்கு இருபதாயிரம் அந்தத் தம்பிக்கா? அதை எனக்குக் கொடுங்க, நான் தேடித் தரேன்" என்றவள், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். எங்கள் கல்யாண மொய் நோட்டு.

1998-இல் நான் அம்பத்தூரில் வேலை பார்த்தபோதுதான் கல்யாணம். என் சித்தப்பா மணி மணியாக எழுதியிருந்தார். ஊர், பேர், தொகை, கூடவே பாத்திரமா பணமா என்கிற குறிப்பு. 'அம்பத்தூர் கம்பெனி ஆட்கள்' என்று தனித் தலைப்பே இருந்தது. அதன்கீழ் என்னோடு ஸ்டோர்ஸில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பெயர், 51 ரூபாய், சொந்த ஊர் திருத்தணிப் பக்கம் என்பது வரை. மூடிப்போன கம்பெனியின் ஊழியர் பட்டியல் எங்கள் வீட்டு பீரோவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இருந்திருக்கிறது.

ஊர்க்காரர் ஒருவர் மூலம் அவருடைய போன் நம்பர் கிடைத்தது. பேசினேன். மனிதர் முதலில் கேட்டது, "என் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேனே, ஏன் வரலை?" அந்த 51 ரூபாய் இன்னும் திருப்பிச் செய்யப்படாமல் நிலுவையில் இருந்தது. அவர் முதல் ரகத்து ஆள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன், அவரிடம் பி.எஃப். சிலிப் எல்லாம் வருஷவாரியாக, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அவருடைய வரிசை எண் 214. நான் அவருக்கு மறுநாள் சேர்ந்தவன், ஆகவே 215 என்றேன். "215 நம்ம கேன்டீன் மாஸ்டர். அவருக்கு அப்புறம்தான் நீங்க" என்றார். சாம்பார் எனக்கு முன்னால் பதிவாகியிருக்கிறது. நான் 216.

கம்பெனியின் பெயரை வைத்து அதன் கோடு நம்பரை பி.எஃப். இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். அதோடு வரிசை எண்ணும் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிக்கு, ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் 'நிதி ஆப்கே நிகட்' என்று ஒரு குறைதீர்ப்பு முகாம் நடத்துகிறார்கள். அதற்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி பொறுமைசாலி. திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இது யார்?"

"நான்தான் சார்."

"இது?"

"அதுவும் நான்தான்."

"ஆதாரில் இருக்கிறது?"

"அது... அதுவும் நான்தான், சார்."

அம்பத்தூரில் இனிஷியல் முன்னால். பாரிமுனையில் இனிஷியல் பின்னால். ஆதாரில் இனிஷியல் விரிந்து என் அப்பா முழுசாக வந்து உட்கார்ந்திருக்கிறார். என் பெயரில் வரும் 'மூர்த்தி'யில் ஓரிடத்தில் இரண்டு 'ஓ', இன்னோரிடத்தில் ஒரே ஒரு 'யு'. முடிவில் ஒரு இடத்தில் 'ஒய்', மற்றொரு இடத்தில் 'ஐ'. பிறந்த தேதியிலும் சிக்கல். ஸ்கூலில் சேர்த்துவிட்ட மாமா சொன்ன தேதி ஆதாரில். ஜாதகத்தில் உள்ள ஐப்பசித் தேதி அம்பத்தூர் படிவத்தில். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இருபத்தேழு வயதில் ஒருமுறை தோன்றியிருக்கிறது. நாமினி என்று அம்மா பெயர். கல்யாணமானதும் பழைய நியமனம் செல்லாது என்று விதி இருக்கிறது. புதிதாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இதை நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவள் படிக்காமலிருந்தால் நல்லது.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஊழியரும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம். கம்பெனி மூடிப்போயிருந்தால் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, நம் கணக்குள்ள வங்கியின் மேலாளர் போன்றவர்கள் சான்றொப்பம் இடலாம். நான் வங்கி மேலாளரிடம் போனேன். கடன் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் முகம் முதலில் வாடியது. கையெழுத்து மட்டும் போதும் என்றதும் டீ சொன்னார்.

சரி, இவ்வளவும் எதற்கு? அதையும் கணக்குப் பார்த்துவிடுவோம். பென்ஷனுக்கு உரிய சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய், பிந்தையதற்கு 15,000. என்னுடைய பழைய எட்டு வருஷத்துக்கு மாதம் 743 ரூபாய். இப்போதைய ஏழு வருஷத்துக்கு 1,500. மொத்தம் 2,243. ஃப்ரிட்ஜில் போன மூன்று வருஷம் இருந்திருந்தால் இன்னும் 279 ரூபாய் சேரும். ஆயுள் உள்ளவரை மாதா மாதம் 279 ரூபாய் தவணை கட்டும் ஃப்ரிட்ஜ் எங்களுடையது. அது எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.

2,243 ரூபாய் என்ன பெரிய பணமா என்று கேட்கலாம். நான் கேட்டேன். "பழைய எட்டு வருஷத்தைச் சேர்க்காட்டி அந்த 1,500-ம் கிடையாது. சேர்த்தா ஆயுசு முழுக்க வரும். உங்களுக்கு அப்புறம் எனக்குப் பாதி வரும்" என்றாள் மனைவி. திட்டத்தை அவள் என்னைவிட ஆழமாகப் படித்திருக்கிறாள். கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன உற்சாகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆக, காசு கொடுத்து உதவி பெறலாமா, கூடாதா? என் தீர்ப்பு இது. பழைய கணக்கைத் தேடுவது, பெயர் திருத்துவது, பழைய கணக்கைப் புதியதோடு சேர்ப்பது எல்லாம் பி.எஃப். நிறுவனம் இலவசமாகச் செய்கிற வேலைகள். ஏஜென்டுகளிடம் போகாதீர்கள் என்று அவர்களே அறிவிப்பு கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் புகார் பதியலாம். 27-ஆம் தேதி முகாமுக்குப் போகலாம். எதுவும் நடக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கண் தெரியாதவர், படுத்த படுக்கையாக இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கம்பெனி சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமலே விட்டிருந்தால் வக்கீலோ தொழிற்சங்கமோ வேண்டும். அந்தச் செலவு செலவல்ல. ஆனால் யாராக இருந்தாலும் கூலியைத் தொகையாகப் பேசுங்கள், சதவீதமாகப் பேசாதீர்கள். ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் பெற்ற பிள்ளைக்குக்கூட யோசித்துக் கொடுங்கள்.

என் விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது. பாரிமுனைக் கணக்கு சேர்ந்துவிட்டது; அம்பத்தூர் பெயர் திருத்தத்தில் நிற்கிறது. உங்களில் யாராவது 2014-க்கு முன்னால் இரண்டு மூன்று இடத்தில் வேலை பார்த்திருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவை இறக்குங்கள். சிலிப் கிடைக்காவிட்டால் மொய் நோட்டைப் பாருங்கள். யாருக்காவது திருப்பிச் செய்யாத மொய் இருந்தால், போன் போடுவதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.